ஒப்படைப்பதற்காக வெள்ளையாக வைத்திருந்த வீடு

அன்புள்ள மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். "யோசிச்சு எழுதுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நேரில் பேசினால் பாதி வாக்கியத்தில் எனக்குத் தைரியம் போய்விடும் என்பது உனக்குத் தெரியும். தாளில் அப்படிப் போவதில்லை, அல்லது போனாலும் யாரும் பார்ப்பதில்லை. வரிசை தப்பாமல் இருக்க, சொல்லப்போவதை முதலில் எண்ணிட்டுத் தருகிறேன்.

1. நீ என்னைக் கேட்டதன் நோக்கம் பற்றிய என் சந்தேகம்.
2. நிறத்தை நான் ஏன் நம்புவதில்லை என்பது. அதில் நான் செய்த ஒரு தவறு.
3. கையால் செய்தது என்று சொல்லப்படுவதை எப்படிச் சோதிப்பது.
4. உன் அம்மாவுக்கு வண்ணத்தில் ஆசை கிடையாது என்பது, அதற்கான ஆதாரங்கள்.
5. இந்த வீட்டிலிருந்து காணாமல் போன பொருள்கள்.
6. அறைக்கு என்ன நிறம் என்பது பற்றி என் யோசனை.

முதலில் உன் கேள்வி. "பெயிண்டர் அடுத்த திங்கக்கெழமை வராங்கப்பா. எல்லா ரூமுக்கும் கலர் முடிவாயிடுச்சு. உங்க ரெண்டு பேரு ரூம் மட்டும் பாக்கி. என்ன கலர் வேணும்னு நீங்க சொல்லுங்க." சாதாரணக் கேள்விதான். ஆனால் இத்தனை வருஷத்தில் எந்த நிறத்தைப் பற்றியும் யாரும் என்னைக் கேட்டதில்லை. உன் கல்யாணத்துக்குச் சட்டை எடுக்கப் போனபோதுகூட என்னைக் கடை வாசலில் செருப்புக்குக் காவலாகத்தான் நிறுத்தினீர்கள். நீ பேசும்போது பின்னால் மருமகள் தேன்மொழியின் குரல், "அவசரப்படுத்தாதீங்க, மெதுவா கேளுங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. கேட்கச் சொல்லிக்கொடுத்துக் கேட்கப்படும் கேள்வி எனக்கு எப்போதும் பயம் தரும். பெரம்பலூரில் நீ கட்டியிருக்கும் புது வீட்டுக்கு நாங்கள் இருவரும் வந்துவிட வேண்டும் என்று நீ ஆறு மாதமாகச் சொல்கிறாய். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நிறம் சொல்லிவிட்டால் வருவதற்கு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இதை நீங்கள் யோசித்துத்தான் கேட்டீர்களா என்பதே என் முதல் சந்தேகம்.

தொலைபேசியை வைத்ததும், கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்த உன் அம்மா தலையைத் திருப்பாமல் "என்ன சொன்னான்?" என்று கேட்டாள். அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அந்தக் கேள்வியின் சாவதானத்திலேயே தெரிந்தது.

"ரூமுக்கு என்ன கலருன்னு கேக்குறான்."

"சொல்றதுதானே."

"போறதுன்னு இன்னும் முடிவு பண்ணலையே."

அவள் கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். "நான் போறேன். நீங்க இந்த வூட்ட ஒப்படைச்சுட்டு மெதுவா வாங்க."

அரியலூரில் நாங்கள் இருக்கும் இது சொந்த வீடு. யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்பது எனக்குத் தெரியும். நாற்பது வருஷத்தில் நான் இல்லாமல் ஓரிடத்துக்குக் குடி போவதாக அவள் சொன்னது இதுவே முதல் தடவை. விளையாட்டுக்குச் சொன்னாளா என்று பார்க்க முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

இரண்டாவது குறிப்புக்கு வருகிறேன். சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் மாதிரி சோதிப்பவனாக நான் இருந்தேன் என்பது நீ அறிந்தது. சூளையிலிருந்து வரும் கட்டியை உடைத்துப் பார்ப்போம். உள்ளே வெளியே ஒரே கருஞ்சாம்பலாக இருந்தால் நல்லது. உள்ளே மஞ்சளோ பழுப்போ பூத்திருந்தால் சூளையில் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். உடனே மேலே சொல்ல வேண்டும். ஆகவே என் வேலைக்காலம் முழுவதும் நிறம் என்பது எனக்கு ஒரு புகார்தான். எங்கேனும் நிறம் தென்பட்டால், எங்கே தவறு நடந்தது என்று தேடவே நான் பழகியிருக்கிறேன். ஒருவர் பளிச்சென்று சட்டை போட்டு வந்தால் எதை மறைக்கிறார் என்று தோன்றும். புது வர்ணம் பூசிய சுவரைப் பார்த்தால் கையால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். உன் மாமனார் வீட்டுக்கு, வேப்பந்தட்டைக்கு, பெண் பார்க்கப் போனபோது அப்படித் தடவியதைத் தேன்மொழி பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். இதுவரை அவள் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாததும் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

இதோடு குவார்ட்டர்ஸ் சேர்ந்துகொண்டது. உனக்கு ஒரு வயது நடக்கும்போது ஆலைக் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். ஒதுக்கீட்டு உத்தரவை நான் முழுவதும் படித்தேன். அங்கே குடியிருந்தவர்களில் அதை முழுவதும் படித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். ஏழாவது நிபந்தனை: வீட்டைப் பெற்ற நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும். பெற்ற நிலை என்பது வெள்ளைச் சுவர், ஒரு ஆணியும் இல்லை. ஆகவே இருபத்தேழு வருஷம் நாம் ஓர் ஆணியும் அடிக்கவில்லை. நாட்காட்டி ஜன்னல் கம்பியில் தொங்கியது. காற்று அடித்தால் தேதி தெருவைப் பார்க்கும். சாமி படங்கள் அலமாரித் தட்டில் சாய்ந்து நின்றன. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் சுவரில் பச்சை அடித்தார்கள், மணி கோத்த தோரணம் மாட்டினார்கள், மான் தலைகூட ஒருவர் வைத்திருந்தார். அவர்களை நினைத்து நான் இரக்கப்பட்டேன். ஒப்படைக்கும் நாளில் என்ன செய்வார்கள் பாவம் என்று.

நீ நான்காம் வகுப்பில் ஓவியத்துக்குப் பரிசு வாங்கி வந்தாய். நீ வரைந்த படத்தையே பள்ளிக்கூடத்தில் கண்ணாடி போட்டுக் கொடுத்திருந்தார்கள். எலுமிச்சை மஞ்சளில் ஒரு லாரி, அதன் மேல் ஊதா நிறத்தில் வானம். ஆணி அடித்து மாட்டக் கேட்டாய். சுவர் கெடும் என்றேன். "சின்ன ஆணிப்பா" என்றாய். சின்ன ஆணிக்கும் ஓட்டை உண்டு என்று, ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவன் போலச் சொன்னேன். அந்தப் படம் பீரோவுக்குப் பின்னால், சுவருக்கும் பீரோவுக்கும் இடையில், முகம் சுவரைப் பார்த்தபடி நின்றது. நீ அதற்குப் பிறகு படம் வரைந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததாக எனக்கு நினைவில்லை. வரைவதையே விட்டுவிட்டாயா, என்னிடம் காட்டுவதை மட்டும் விட்டாயா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. இப்போதும் கேட்கவில்லை, எழுதி மட்டும் வைக்கிறேன்.

ஒப்படைத்த நாளையும் சொல்லிவிடுகிறேன். அன்று நீ சென்னையில் இருந்தாய். நான் முந்தின நாளே சுவர்களையெல்லாம் ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தேன். வந்தவர் ஓர் இளைஞர், கையில் படிவம். "ஃபேன் மூணு, டியூப்லைட் நாலு, சரியா சார்?" என்றார். சரி என்றேன். கையெழுத்துப் போட்டார். வாசலுக்குப் போய்விட்டார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"செவுத்தப் பாக்கலையா சார்?"

அவர் திரும்பி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "செவுத்துல என்ன சார் பாக்குறது? செவுரு எங்க போயிடப்போவுது?"

உன் அம்மா பக்கத்தில் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பத்து நாள் கழித்து விட்டுப்போன ஒரு சான்றிதழுக்காக அந்தப் பக்கம் போனேன். புதிதாக வந்தவர் முன்னறை முழுவதும் ரோஸ் நிறம் அடித்திருந்தார். எல்லாச் சுவரிலும் ஆணி. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், இல்லை. பரீட்சை ரத்தானது தெரியாமல் இருபத்தேழு வருஷம் அதற்குப் படித்தவன் போல இருந்தது. அப்போதாவது நான் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. சொந்த வீடு கட்டியபோதும் வெள்ளையே அடித்தேன். நாட்காட்டி இப்போதும் ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது. இதுவே நான் ஒப்புக்கொள்ளும் தவறு.

மூன்றாவது குறிப்பில் எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு, ஏனென்றால் அது சோதனை பற்றியது. இப்போது எங்கு பார்த்தாலும் 'கையால் செய்தது' என்று எழுதி விற்கிறார்கள். போன மாதம் உன் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். நுழைந்தேன். துணியில் மயில் தைத்த தொங்கல்கள், ஒரே மாதிரி நாற்பது. விற்ற அம்மாள் "எல்லாம் கைவேலை சார், பொம்பளைங்க உக்காந்து தைக்கிறது" என்றார். நான் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். மயிலின் இடது கால் அருகே ஒரு தையல் தப்பியிருந்தது. இன்னொன்றைத் திருப்பினேன். அதே காலில் அதே தையல். ஒன்பது வரை பார்த்தேன். ஒன்பது மயிலுக்கும் ஒரே காலில் ஊனம். கை செய்யும் தப்பு இடம் மாறும். இயந்திரம் செய்யும் தப்பு இடம் மாறாது. ஆகவே எதையும் வாங்கும் முன் பின்பக்கத்தைப் பார். முன்பக்கம் நமக்காகச் செய்தது. பின்பக்கத்தில்தான் செய்தவர் இருப்பார்.

"என்ன சார், வாங்குறீங்களா, எண்ணுறீங்களா?" என்றார் அந்த அம்மாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

வர்ணக் கடையிலும் போய்ப் பார்த்தேன். நீ கேட்டதற்குப் பதில் சொல்லும் முன் விசாரிக்க வேண்டுமல்லவா. ஒரு புத்தகம் நிறைய நிறச் சதுரங்களைக் காட்டி, "நீங்க எந்தக் கலர நெனச்சாலும் மிஷின்ல வந்துடும் சார்" என்றார் கடைக்காரர். "நான் எந்தக் கலரும் நெனைக்கலையே" என்றேன். "அதுக்கும் இருக்கு சார்" என்று வெள்ளையில் பதினொரு வகை காட்டினார். என் கண்ணுக்குப் பதினொன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஒன்றை மட்டும் சொல்கிறேன், இதில் நான் உறுதியாக இருக்கிறேன்: புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யாதே. கையகலத்துக்குச் சுவரிலேயே பூசி, காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, விளக்குப் போட்ட பிறகு ஒரு முறை பார். மூன்று நாள் பார். நிறம் ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு விதமாகப் பேசும். மூன்று வேளையும் பொய் சொல்லாததை எடுத்துக்கொள்.

நான்காவது. உங்களுடைய ஏற்பாட்டில் உன் அம்மாவுக்காகத்தான் இந்த அறைக்கு நிறம் கேட்கிறீர்கள் என்றால், அது தேவையில்லை என்பதே என் எண்ணம். அவளுக்கு வண்ணத்தில் ஆசை கிடையாது. ஆதாரங்கள்: குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஒயர் கூடை பின்னுவாள், சிவப்பும் பச்சையும் நீலமுமாக, ஒன்றைக்கூட வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை, எல்லாவற்றையும் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டாள். மார்கழியில் மற்றவர்கள் கலர்ப் பொடி வாங்கியபோது, சிமெண்ட் தரையில் கறை படியும் என்று நான் ஒரு முறை சொன்னதற்குப் பிறகு அவள் வெள்ளை மாவோடு நிறுத்திக்கொண்டாள். சுவருக்கு இது வேண்டும் அது வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆசை இருந்திருந்தால் இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவையாவது கேட்டிருப்பாள். இப்போது புதிதாக ஏதேனும் ஆசை தெரிந்தால், அது தேன்மொழி ஊட்டியது. அவள் நல்ல பெண். ஆனால் செல்வாக்கு உள்ளவள்.

இதுவரை திங்களும் செவ்வாயும் எழுதினேன். ஐந்தாவது குறிப்பில் ஒரு பட்டியல் தருவதாக இருந்தேன். பட்டியல் இது: என் பழைய பருத்தி வேட்டிகள் மூன்று, ஆய்வுக்கூடக் கோட்டு இரண்டு, கல்யாணத்துக்கு வந்த பெரிய அலுமினியக் குண்டான், சமையலறையில் சேர்த்து வைத்திருந்த ஒரு சாக்கு வெங்காயத் தோல். வெங்காயத் தோலை யார் சேர்த்து வைப்பார்கள் என்று நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். "செடிக்கு" என்றாள். நம் வீட்டில் ஒரு துளசிதான் இருக்கிறது.

இதோடு இன்னொன்று. மூன்று வாரமாகப் புதன்கிழமைதோறும் சிறுவாச்சூர் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் போகிறாள். அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். முதல் புதனே எனக்கு இது உறைத்தது. கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். 'நான் போறேன், நீங்க மெதுவா வாங்க' என்று சொன்ன ஒருத்தி, சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகிறாள் என்று ஒரு கணக்கு எனக்குள் ஓடியது. நேற்று, புதன்கிழமை, அவள் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் நானும் ஏறினேன். என் வயதில் செய்யும் வேலை இல்லை அது.

பெரம்பலூரில் இறங்கி, வேறு எங்கே போவாள் என்று உங்கள் பக்கம் நடந்தேன். நீ ஆபீஸுக்குப் போயிருந்தாய். உங்கள் வாடகை வீட்டுக் கொல்லையில் புகை வந்தது. பக்கத்துச் சந்து வழியாகப் போய் எட்டிப் பார்த்தேன். மூன்று கல் வைத்து என் குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது. உன் அம்மா அதை ஒரு கோலால் கிளறினாள். கோலின் நுனியில் என் வேட்டி வந்தது. செம்மஞ்சள் நிறம். கொடியில் இன்னொரு வேட்டி அதே நிறத்தில் காய்ந்தது, கீழே சொட்டிய ஈரமும் அதே நிறம்.

தேன்மொழிதான் என்னை முதலில் பார்த்தாள். "அத்த, மாமா."

உன் அம்மா கோலை விடவில்லை. "கோயில்ல கூட்டமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"இன்னிக்கிக் கோயில் கெடையாது" என்றேன்.

"அது தெரிஞ்சிருக்கே ஒங்களுக்கு."

தேன்மொழி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய் எனக்கு நாற்காலி கொண்டுவந்தாள். அவள் அப்பா வீட்டில் சின்ன வெங்காயம் போட்டிருக்கிறார்கள் அல்லவா. வெங்காயம் சேமித்து வைத்த பட்டறையைப் பிரித்தபோது கிடைத்த தோலையெல்லாம் மூட்டையாக அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அதோடு படிகாரம் போட்டுக் கொதிக்க வைத்தால் பருத்தியில் நிறம் நிற்குமாம். ஜன்னலுக்குத் திரை, கட்டிலுக்கு விரிப்பு, சுவருக்கு ஒன்று என்று சொன்னாள். என் கோட்டுகள் ஓரத்தில் வெளிறிய மஞ்சளோடு கிடந்தன. "இது மட்டும் ஏற மாட்டேங்குது மாமா." பாதி பாலியெஸ்டர், ஏறாது என்றேன். பிறகு அவள் இன்னொரு துணியை எடுத்து நீட்டினாள். அது பாசி பிடித்த குளம் போலக் கரும்பச்சையாக இருந்தது. "இதுவும் அதே தோலு, அதே படிகாரம், அதே வேட்டித் துணிதான். ஏன் மாமா இப்புடி ஆச்சு?"

"எந்தப் பாத்திரம்?"

"எங்க அம்மா வூட்டு இரும்புச் சட்டி."

"இரும்புதான் காரணம். இரும்பு பட்டா மஞ்சள் கருகும். வேணும்னு செஞ்சா அதுவும் ஒரு நெறம்தான். வேணாம்னா அலுமினியத்துலயே செய்யுங்க." இதைச் சொல்லிவிட்டுத்தான், நிறத்தைப் பற்றி, அது எங்கே தவறு என்று சொல்லாமல் நான் பேசியது இதுவே முதல் முறை என்பதைக் கவனித்தேன். உன் அம்மா கிளறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதெல்லாம் தெரியுமா ஒங்களுக்கு?"

"கெமிஸ்ட்ரிதானே."

"தெரிஞ்சுமா" என்றாள். அவ்வளவுதான். மறுபடியும் கிளற ஆரம்பித்துவிட்டாள். நான் இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். அவள் இரண்டு நாள் அங்கேயே இருந்து வேலையை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னாள். பஸ்ஸில் வரும்போதும் என் சந்தேகம் குறையவில்லை. இடம் மட்டும் மாறியது. நான்காவது குறிப்பில் எழுதியது சரிதான், மருமகள்தான் இவளைக் கிளப்பிவிட்டிருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். "தெரிஞ்சுமா" என்பதற்கு என்ன பொருள் என்பதை யோசிக்காமல் இருப்பதற்கு அது வசதியாக இருந்தது.

இன்று வியாழன். மதியம் கட்டிலில் உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்து அதன் மேல் அட்டையை வைத்து இந்தக் கடிதத்தின் ஆறாவது பகுதியை ஆரம்பித்தேன். வெள்ளையே போதும், வீண் செலவு வேண்டாம் என்று எழுதுவதாக இருந்தேன். காபி டம்ளரைத் தட்டிவிட்டேன். அட்டையில் கொஞ்சம், தலையணை உறையில் நிறைய. அவள் வருவதற்குள் துவைத்துப் போட்டுவிடலாம் என்று உறையின் முடிச்சை அவிழ்த்தேன். தலையணை உறையை நான் கழற்றுவது இதுதான் முதல் தடவை. இதையும் ஒரு தவறாக நீ எழுதிக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு முறை அது வெள்ளையாகத் திரும்பி வரும். எப்படி வருகிறது என்று நான் கேட்டதில்லை.

உறைக்குள் இருந்த தலையணை வெள்ளை இல்லை. சின்னச் சின்னத் துணித் துண்டுகள், உள்ளங்கை அளவு, விரல் அளவு, முக்கோணமும் சதுரமுமாக ஒட்டிக் கையால் தைத்தது. சிவப்பு, மயில் நீலம், கத்தரிப்பூ, பச்சை. முதலில் நான் செய்தது, உனக்குத் தெரியும், தையலைச் சோதித்ததுதான். எந்தத் தப்பும் ஒரே இடத்தில் இல்லை. பிறகு துண்டுகளைப் பார்த்தேன். உன் பள்ளிக்கூடத்து அரைக்கால் சட்டையின் நீலம் இருந்தது. உன் காதுகுத்துக்கு அவள் கட்டிய புடவைக்கு எடுத்த ரவிக்கையின் அரக்கு இருந்தது. குவார்ட்டர்ஸுக்குக் குடிபோன வருஷம் நான் வாங்கிக் கொடுத்து, எனக்கே பிறகு அதிகப் பளிச்சென்று இருப்பதாகத் தோன்றியதால் அவளை உடுத்த வேண்டாம் என்று சொன்ன கிளிப்பச்சைப் புடவையின் ஓரம் இருந்தது. அவளுடைய தலையணையையும் அவிழ்த்தேன். அதுவும் அப்படியே. அதில் மஞ்சள் அதிகம். தேன்மொழி நம் வீட்டுக்கு வந்து இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை.

தொலைபேசியில் உன் அம்மாவை அழைத்தேன். எடுத்தாள்.

"தலவாணி ஒறையக் கழட்டினேன்" என்றேன்.

"காப்பிய ஊத்திட்டீங்களா?"

"ஆமா."

"வெந்நித் தண்ணியில போடாதீங்க, கறை ஒக்காந்துக்கும்."

"எப்பத் தச்ச இத?"

"குவார்ட்டர்ஸ் போன மறு வருசம். நீங்க ஷிப்ட்டுக்குப் போனப்பல்லாம். பஞ்சு மாத்துறப்ப நைஞ்ச துண்ட எடுத்துட்டு வேற வச்சுத் தைப்பேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா வெள்ளையா மாத்தச் சொல்லுவீங்க." பிறகு, ஏதோ சாதாரண விஷயம் போல, "செவுத்துல வச்சாத்தானே கேப்பாங்க. ஒப்படைக்கிறப்ப தலவாணிய நாமதானே எடுத்துட்டுப் போவோம்" என்றாள்.

அவளும் ஏழாவது நிபந்தனையைப் படித்திருக்கிறாள். என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறாள். ஒயர் கூடைகளை ஏன் எல்லாருக்கும் கொடுத்தாய் என்று கேட்டேன். "மாட்டுறதுக்கு ஆணி எங்க இருந்துச்சு?" என்றாள். வைக்கும் முன் அவள், "அந்தப் பச்சத் துண்டு இருக்குதா இன்னும்?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அது நல்ல துணி" என்றாள்.

எனவே ஆறாவது பகுதி நான் எழுத நினைத்தபடி இல்லை. அறைக்கு என்ன நிறம் என்பதை உன் அம்மாவிடம் கேள். என்னைக் கேட்டது போல மெதுவாக, தேன்மொழி பின்னால் நின்று சொல்லிக்கொடுக்காமல் கேள். முதல் தடவை ஒன்றும் வேண்டாம் என்பாள். அதை நம்பாதே, நான் நம்பினேன். கிழக்குச் சுவரை அவளுக்கு விட்டுவிடு. அதில் வேட்டித் திரையோ, கூடையோ, கரும்பச்சையோ, என்ன வருகிறதோ வரட்டும். நான் வருகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் திங்களுக்குள் சேராது, நாளைக்கு நானே பஸ்ஸில் கொண்டுவருகிறேன். இரண்டு தலையணைகளையும் உறை இல்லாமல் கொண்டுவருகிறேன். பஸ்ஸில் யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்று எழுதத்தான் நினைத்தேன். பையில் போட்டுத்தான் கொண்டுவருவேன் என்று நினைக்கிறேன். பீரோவுக்குப் பின்னால் பார்த்தேன். உன் லாரி இருக்கிறது. வீடு மாறியபோது அவள் அதையும் எடுத்து வந்து, அதே போல் பீரோவுக்குப் பின்னால், ஆனால் முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். அதையும் கொண்டுவருகிறேன். ஆணி உன் வீட்டில் இருக்கும். அடிப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது, நீதான் அடிக்க வேண்டும்.

ஆய்வுக்கூடப் பதிவேட்டில் ஒரு தவறைச் சுரண்டியோ மை பூசியோ அழிக்கக் கூடாது என்பது விதி. எழுதியது தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பம் இட வேண்டும். அதனால்தான் முதல் தாளை நான் கிழித்து வேறு எழுதவில்லை. நான்காவது குறிப்பின் மேல் ஒரு கோடு போட்டிருக்கிறேன், நீ பார்க்கலாம். பக்கத்தில் எழுதியது இது: தவறு. ஆசை இருந்தது. சோதித்தவன் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை.

கீழே கையொப்பம் இட்டிருக்கிறேன்.

உன் அப்பா